பார்த்தேன், சொல்லவில்லை

என் முதுகெலும்பில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே கிருமி உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டரை மாதம் ஆனது. இப்போது நன்றாக இருக்கிறேன். குனிந்து செருப்பு மாட்டுகிறேன். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறேன். நோயைப் பற்றி மட்டும் சொல்வதென்றால் இரண்டு பக்கத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், வாயைத் திறக்க வேண்டிய ஓரிடத்தில் நான் திறக்காமல் இருந்துவிட்டேன். அதை விட்டுவிட்டுச் சொன்னால் இது பாதிக் கதைதான்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் இறாலைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். இறால் உரிக்கும் பெண்களின் உள்ளங்கையில் பஞ்சுக்குச்சியைத் தடவி எடுத்து, அதைக் கண்ணாடித் தட்டில் தேய்த்து, சூடான பெட்டிக்குள் வைத்துவிடுவேன். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தட்டில் புள்ளி புள்ளியாகக் கிருமி முளைத்திருக்கும். அதைப் பார்த்து, யார் சரியாகக் கை கழுவினார், யார் கழுவவில்லை என்று சொல்வேன். எங்கள் இடத்தில் முதலாளியே வந்தாலும் கை கழுவாமல் உள்ளே நுழைய முடியாது. ஆகவே கிருமி எனக்குப் பழக்கப்பட்டதுதான். அது என் முதுகுக்கே வரும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

வலி இடுப்புக்குச் சற்று மேலே தொடங்கியது. ஐஸ் அறையில் நின்று வேலை பார்ப்பதால் இருக்கும் என்று தைலம் தேய்த்தேன். பத்து நாளாகியும் போகவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த டாக்டர், எலும்புத் தேய்மானம் என்று சொல்லி வலி மாத்திரையும் பெல்ட்டும் கொடுத்தார். தேய்மான வலி என்றால் படுத்தால் கொஞ்சம் அடங்கும் என்பார்கள். எனக்குப் படுத்தாலும் அதே வலிதான். புரண்டு படுக்க ஒரு கையால் கட்டிலைப் பிடித்து, மூச்சை அடக்கி, எண்ணித் துணிந்துதான் புரள்வேன். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதுகுவலிக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "எலும்பு டிபி. இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கணும். ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்" என்றார். சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். என் கணவர் டேனியல் துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் வேலை பார்ப்பவர். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணுவது அவர் பழக்கம். மருந்துக்கடை வாசல்வரை போய், அங்கேயே நின்றுவிட்டார்.

"ஏளா, வருஷக் கணக்குல சாப்புடணும்ங்காவ. இன்னொரு டாக்டர்ட்டயும் ஒரு வார்த்த கேட்டுருவோம்."

"படத்துல தெரியுதுன்னு சொல்லுதாவளே."

"படத்துல என்னமோ இருக்குன்னுதான தெரியுது. அது இன்னதுன்னு தெரியுதா?"

அப்படித்தான் டாக்டர் நிவேதாவிடம் போனோம். ஊருக்குள் இருக்கும் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில், தொற்றுநோய்களை மட்டும் பார்க்கிற டாக்டர் அவர். முப்பத்தைந்து வயது இருக்கும். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். எங்கே வலிக்கிறது, எப்போது காய்ச்சல், கடைசியாக உடம்பில் புண்ணோ கட்டியோ எப்போது வந்தது என்று கேட்டார். அப்போதுதான் நினைவு வந்தது. வலி தொடங்குவதற்கு மூன்று வாரத்துக்கு முன் இறாலின் தலைமுள் என் கட்டைவிரலில் ஏறி, சீழ் வைத்து, தானாக ஆறியிருந்தது.

"டிபியா இருக்கலாம். நம்ம ஊர்ல முதுகெலும்புல கிருமின்னா அதைத்தான் முதல்ல நினைக்கணும்" என்றார் நிவேதா. "ஆனா நினைச்சதுக்கு மருந்து கொடுக்க வேண்டாம். அந்த இடத்துல ஊசி விட்டுக் கொஞ்சம் எடுத்து, வளர்த்துப் பார்த்துட்டுக் கொடுப்போம்."

"தட்டுல வளப்பீங்களா டாக்டர்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் என் வேலையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். எனக்கும் பல நாளுக்குப் பிறகு கொஞ்சம் தெம்பு வந்தது. இத்தனை நாள் எல்லோரும் என்னிடம் ஊகத்தைச் சொன்னார்கள். இவர் ஒருவர்தான் எனக்குத் தெரிந்த பாஷையில் பேசினார்.

ஊசி விட்டு எடுப்பதை பயாப்ஸி என்பார்கள். ஸ்கேன் மெஷினுக்குள் குப்புறப் படுக்க வைத்து, முதுகை மரக்க வைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து நீள ஊசியை எலும்பு வரைக்கும் செலுத்துகிறார்கள். மரக்க வைக்கும் ஊசி சுரீரென்று எரிந்தது. அதற்குப் பிறகு அழுத்தம்தான், வலியில்லை. பக்கத்தில் நின்ற பெண் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவள் யாரென்று கடைசிவரை தெரியாது.

முடிவு வர நான்கு நாள். நான்கு நாளும் மருந்து எதுவும் தரவில்லை, வலிக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். டேனியலுக்கு அது பொறுக்கவில்லை. "ஆஸ்பத்திரியில சேத்துட்டு மருந்தே குடுக்காம இருக்காவளே" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கு அது புரிந்தது. மருந்தை முந்திக் கொடுத்தால் தட்டில் ஒன்றும் முளைக்காது. பிறகு எதற்கு மருந்து கொடுக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது.

டிபி இல்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி. நம் தோலிலும் மூக்கிலும் சும்மா குடியிருப்பது. எங்கள் லேபில் நான் தேடித் தேடிப் பார்க்கும் அதே கிருமி. விரல் புண் வழியாக ரத்தத்தில் ஏறி முதுகெலும்பில் போய்த் தங்கியிருக்கலாம் என்றார் நிவேதா. "இருக்கலாம்தான், உறுதியா சொல்ல முடியாது" என்று சேர்த்துக்கொண்டார். ஆறு வாரம் மருந்து. நாளுக்கு மூன்று வேளை ஊசி, நரம்பு வழியாக.

மூன்று கட்டில் போட்ட அறை. ஜன்னலோரம் நான். நடுக்கட்டிலில் செல்லக்கனி அக்கா. உடன்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்பவர், அறுபது வயது இருக்கும். கடைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பிளேட் வைத்துத் தைத்திருந்தார்கள். படுத்துக்கொண்டே செல்போனில் வியாபாரம் பண்ணுவார். அந்தக் குரலுக்கு எதிர்முனையில் யார் என்ன சொன்னாலும் எடுபடாது. மூன்றாவது கட்டிலில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

"ஏளா, ஒனக்கு விழுந்துமில்ல, அடிபட்டுமில்ல. என்னத்துக்குளா இங்கன கெடக்க?" என்று முதல் நாளே கேட்டார்.

"முதுகுல கிருமிக்கா."

"முதுகுலயா? அது எப்படிளா அங்கன போச்சு?"

இறால் முள் கதையைச் சொன்னேன். அன்று சாயங்காலம் போனில் மகனிடம், "பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி கெடக்கா, இறாலு குத்தி முதுகு போச்சாம். இனிமே வீட்டுல இறாலு வாங்காதீய" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னால் கையைத் தூக்கித் தலைவார முடியவில்லை. முதுகு இழுக்கும். டேனியல் வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டுத் தூக்கை ஓரமாக வைத்துவிட்டு, சீப்பை எடுத்து உட்கார்ந்துவிடுவார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் என் தலையைத் தொட்டு வாரியதில்லை. முதல் நாள் போட்ட பின்னல் கப்பல் கயிறு மாதிரி இருந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்து, "அம்மாடி, சிரிச்சா இடுப்பு வலிக்குவே!" என்று அலறினார். ஒரு வாரத்தில் டேனியல் நன்றாகப் பின்னக் கற்றுக்கொண்டார்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

கையில் நரம்புக்குள் சிறிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் குத்தி, பிளாஸ்திரி போட்டு வைப்பார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் புதிதாகக் குத்தாமல் அதன் வழியாகவே மருந்து ஏற்றுவார்கள். நர்ஸுகள் அதை லைன் என்பார்கள். வசதிதான். ஆனால் தோலில் போட்ட ஓட்டை என்பதால், கிருமி நேராக ரத்தத்துக்குப் போக அதுவே வழியாகவும் ஆகும். அதனால் வேளைக்கு ஒரு தடவை அந்த இடம் சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கென்று ஒரு தாள் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் தொங்கியது. தரத்துக்காக வாங்கிய சான்றிதழ் கீழே வரவேற்பு அறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. இந்தத் தாள்களை வைத்துத்தான் அந்தச் சான்றிதழ்.

ஒருநாள் நடைப்பயிற்சிக்காக என்னை எழுப்பி நிறுத்தியபோது அக்காவின் தாள் கண்ணில் பட்டது. அப்போது மத்தியானம். ஆனால் ராத்திரி வேளைக்கும், மறுநாள் காலைக்கும் சேர்த்துக் கையெழுத்து விழுந்திருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் நானும் அப்படி எழுதியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டு வியாபாரியின் ஆள் சோதனைக்கு வருகிறார் என்றதும், கை கழுவும் குளோரின் தண்ணீரை அரைமணிக்கொரு தடவை சோதித்ததாக விடுபட்டிருந்த ஆறு கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பினேன். வந்தவர் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அக்கா மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தார். "அரிக்குளா இந்த எழவு" என்றார். பிளாஸ்திரியின் ஓரத்தில் ஓர் அங்குல அகலத்துக்குச் சிவந்திருந்தது. நடுவில் லேசாகக் கன்றியும் இருந்தது. அவருக்கு டிரிப்ஸ் நிறுத்தி இரண்டு நாளாகியிருந்தது. அந்த லைனால் இனி ஒரு உபயோகமும் இல்லை. தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று விட்டிருந்தார்கள்.

நர்ஸ் ஆரோக்கிய மேரி சிஸ்டர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மணப்பாடு பக்கத்துக்காரர், நல்ல மனுஷி. எங்கள் வார்டு முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு. நெற்றியில் வியர்வை. எனக்கு ஊசி போட்டார். "சிஸ்டர், அக்கா கையை ஒருக்கா பாருங்க" என்று சொல்ல வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் தாளைப் பற்றியும் சொல்வதாகிவிடுமே, கையெழுத்துப் போட்டது இவர்தானே என்று தோன்றியது. நாளைக்கும் இவர் கையால்தான் எனக்கு ஊசி. குறை சொல்கிற நோயாளி என்று பெயர் வாங்க வேண்டாம், காலையில் டாக்டர் வருவார், பார்த்துக்கொள்வார். வண்டி அடுத்த அறைக்குப் போய்விட்டது.

காலையில் டாக்டர் அக்காவின் இடுப்புத் தையலைப் பார்த்தார். கையைப் பார்க்கவில்லை. பத்து மணிக்கு மேல் அக்கா, "குளுருதுளா" என்றார். வெயில் ஜன்னல் வழியாக அவர் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. என் போர்வையையும் எடுத்துக் கொடுத்தேன். கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. பல் கிட்டிக்கொண்டது. நான் மணியை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஓடி வந்தார்கள். அரைமணி நேரத்தில் அக்காவை ஐ.சி.யு.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். லைன் வழியாகக் கிருமி ரத்தத்துக்குப் போயிருக்கிறது என்று மறுநாள் தெரிந்தது.

சாயங்காலம் டேனியல் வந்தபோது நான் சாப்பிடவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் சீப்பை எடுத்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்தார்.

"நீ சொல்லிருந்தாலும் முந்தியே ஏறிருக்கலாம்."

"இருக்கலாம். சொல்லாம விட்டது விட்டதுதான?"

"அப்பம் இப்பமாவது சொல்லு."

ஆரோக்கிய மேரி சிஸ்டர் தனியாக வந்தபோது சொன்னேன். தாளைப் பார்த்ததையும், சிவப்பைப் பார்த்ததையும், நான் ஒருகாலத்தில் ஆறு கட்டம் நிரப்பியதையும் சேர்த்துச் சொன்னேன். முதலில் அவர் முகம் இறுகியது. "நீங்க என்னைய கம்ப்ளெயிண்ட் பண்ணப் போறீயளா?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நான் எழுதுனது தப்புதான். இல்லங்கல" என்றார். "இந்தப் பக்கம் பூராத்துக்கும் ரெண்டு பேரு. கட்டில் கட்டிலா நின்னு பாத்தா எழுத நேரமில்ல. எழுதிட்டே இருந்தா பாக்க நேரமில்ல. எழுதலன்னா ஆடிட்ல கேள்வி கேக்காவ. பாக்கலன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாவ. அப்பம் எத விடுவேன், சொல்லுங்க?"

எங்கள் கம்பெனியிலும் இதேதான்.

சிஸ்டர் எழுந்தார். "நிவேதா டாக்டர்ட்ட நானே சொல்லுதேன். நீங்க சொன்னதா இருக்க வேண்டாம்."

அவரே சொன்னார். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மறுநாள் காலை நிவேதாவும் சிஸ்டரும் அந்தப் பக்கம் முழுக்க ஒவ்வொரு கட்டிலாகப் போய், "இந்த லைன் இன்னைக்கு எதுக்கு வேணும்?" என்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எதற்கும் வேண்டாதவை பலருக்கு இருந்தன. எல்லாவற்றையும் அன்றே எடுத்தார்கள். தாளை எடுத்துவிட முடியவில்லை. அது மேலிடத்து விஷயம்.

எனக்கு இரண்டு வாரம் முடிந்தது. காய்ச்சல் போய்விட்டது. உடம்புக்குள் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தச் சோதனை நன்றாக இறங்கியிருந்தது. அப்போதுதான் நிவேதாவுக்கும், அங்கே என் முதுகெலும்பைப் பார்த்துவந்த எலும்பு டாக்டருக்கும் அபிப்பிராய பேதம் வந்தது. எலும்பு டாக்டர் பெரியவர், ஊரில் பெயர் பெற்றவர். ஆறு வாரமும் நரம்பு ஊசிதான் என்றார். நிவேதா, இனி மாத்திரை போதும், வீட்டுக்குப் போகலாம் என்றார். இருவரும் என் கட்டில் பக்கத்தில் நின்றே பேசினார்கள். ஒளிவு மறைவு இல்லாமல் பேசியது எனக்குப் பிடித்திருந்தது.

"எலும்புக் கிருமிக்கு ஊசிதான்னு நாம பழகிட்டோம் சார். சமீப வருஷங்கள்ல ரெண்டையும் வெளிநாட்டுல ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. முதல் சில நாளுக்கப்புறம் சரியான மாத்திரைக்கு மாத்துனவங்க ஒண்ணும் மோசமாகலை."

"அது அவங்க ஊரு ஆளுங்கம்மா. நம்ம ஆளுங்க வலி போனதும் மாத்திரையை நிறுத்திருவாங்க. ஊசின்னா நாம போடுறோம். மாத்திரைன்னா அவங்கதான் போடணும். நான் எத்தனை பேரைத் திரும்ப அட்மிட் பண்ணிருக்கேன் தெரியுமா?"

"அதுவும் நிஜம்தான் சார். ஆனா லைன் இருக்கிற ஒவ்வொரு நாளும் அதுக்கும் ஒரு ஆபத்து இருக்கே."

பெரியவர் காலியாக இருந்த நடுக்கட்டிலைப் பார்த்தார். பிறகு என்னிடம், "ரெண்டும் தப்பில்லம்மா. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

டேனியலுக்குப் பயம். "ஊசிதான்ளா பவரு" என்றார். எனக்கும் பயம்தான். தவறாகப் போனால் கால் மரத்துப் போகலாம், ஆபரேஷன் வரை போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் யோசித்துவிட்டு மாத்திரை என்றேன். வாரத்துக்கொரு ரத்தச் சோதனை, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, முதுகில் கொஞ்சம் வலி கூடினாலும் உடனே வர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு பெரியவரும் ஒத்துக்கொண்டார்.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் அக்காவைத் திரும்ப அறைக்குக் கொண்டு வந்தார்கள். பாதியாகிப் போயிருந்தார். குரல் கீழே இறங்கியிருந்தது. போன் தலைமாட்டில் கிடந்தது, எடுக்கவில்லை. மகன் டீ வாங்கப் போன நேரத்தில் நான் நடந்து போய் அவர் கட்டில் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, ஒங்க கை செவந்திருந்தத நான் முந்துன நாளே பாத்தேன். சிஸ்டர்ட்ட சொல்லல."

அக்கா என்னையே பார்த்தார். "பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுச் சும்மாவா இருந்த?"

"ஆமாக்கா."

அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். பகல் முழுவதும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சாயங்காலம் டேனியல் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, "ஏளா, அந்தத் தண்ணி பாட்டில எடு" என்றார் அக்கா. எழுந்து எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான். மறுநாள் நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்தார், பிறகு விட்டுவிட்டார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் டேனியல், சரக்கு எண்ணுவதுபோல மாத்திரைக்குக் கோடு போட்டார். காலண்டரில் நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. நான்காவது வாரம் எடுத்த ஸ்கேன் முன்பைவிட மோசமாகத் தெரிந்தது. அன்று பயத்தில் என்னால் ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை. நிவேதா படத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, என்னை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தார். "இந்த நோய்ல உடம்பு முதல்ல சரியாகும். ஸ்கேன் ரொம்பப் பின்னாடிதான் வரும். நீங்க நல்லா நடக்கிறீங்க. ரத்தமும் நல்லா இருக்கு. எதையும் மாத்த வேண்டாம்" என்றார். எதையும் மாற்றவில்லை. ஆறு வாரம் முடிந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் எலும்பு ஆறியிருந்தது.

இதைக் கேட்டவர்கள், அப்போது மாத்திரையே நல்லது என்கிறார்கள். அப்படி இல்லை. நான் ஊசியிலும் குணமாகியிருக்கக் கூடும். ஒருத்தி பிழைத்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நிறையப் பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அதை யாரோ பொறுமையாகச் செய்து வைத்திருந்ததால்தான் என்னால் பயந்துகொண்டாவது தேர்ந்தெடுக்க முடிந்தது.

போன மாதம் செல்லக்கனி அக்காவிடமிருந்து போன் வந்தது. பழைய குரல் திரும்பியிருந்தது. இடுப்பில் வைத்த ஆணி ஒன்று குத்துகிறதாம், எடுக்கப் போகிறார்களாம், அதே ஆஸ்பத்திரி.

"நீ வந்து கூட இரு" என்றார்.

"நானாக்கா?"

"பெறவு யாரு? எம்மவன் போனப் பாத்துட்டுக் கெடப்பான். ஒனக்குத்தான் பாக்கத் தெரியுது. வருவியா மாட்டியா?"

இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஆபரேஷன் முடிந்த மறுநாள், புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் ஒருவர் பக்கத்துக் கட்டிலில் ஒருவருடைய புண்ணைப் பார்த்துவிட்டு, நேராக அக்காவிடம் வந்து பிளாஸ்திரியின் ஓரத்தைப் பிடித்தார். நான் எழுந்து நின்றேன்.

"டாக்டர், கை கழுவிட்டுத் தொடுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் எரிச்சல் தெரிந்தது. "நீங்க யாரு, இவங்க பொண்ணா?"

"இல்ல. பழைய பேஷண்ட்."

ஒரு நொடி நின்றார். பிறகு மூலையிலிருந்த குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். கைகளை உதறிக்கொண்டு திரும்பி வந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தார். அவர் கை மட்டும் போர்வைக்கு வெளியே வந்து என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"சொல்லிட்டியாளா?" என்றார்.

"சொல்லிட்டேன்க்கா."